மேடு பள்ளம் அறிந்த வரைபடம்

நுழையும்முன்

ஊரின் நீளத்தையும் அகலத்தையும் காட்டும் வரைபடங்கள் பல நூற்றாண்டுகளாக உள்ளன. ஊரின் உயர்வு தாழ்வுகளையும் கட்டடங்களின் உருவத்தையும் ஒருசேரக் காட்டும் வரைபடமோ அண்மைக் காலத்தது. வானிலிருந்து எடுக்கப்பெறும் படமும், நிலத்தின் உயரத்தைக் கூறும் எண்களும் இணைந்து அதனை உருவாக்குகின்றன. அவ்வரைபடம் உருவாகும் முறையையும், மக்கள் வாழ்வுக்கு அது துணைநிற்கும் வகையையும் சென்னை மாநகரை முன்வைத்து விளக்குகிறது இப்பாடம்.

படம் கூறாத செய்தி

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெருமழை பொழிந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அந்நீர் திருநீர்மலைக்கருகே அடையாற்றில் கலந்தது. முன்னரே நிரம்பி ஓடிய ஆறு கரைகடந்து குடியிருப்புகளுக்குள் புகுந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மொட்டைமாடிகளில் தஞ்சம் புகுந்தன.

வினாடிக்கு 29,000 கன அடி என்பது ஏறத்தாழ 820 கன மீட்டர் ஆகும். ஒரு மணி நேரத்தில் இது சற்றேறக்குறைய 30 இலட்சம் கன மீட்டராகப் பெருகும். இந்நீர் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் தேங்கினால் அதன் ஆழம் 3 மீட்டர். அதாவது ஒரு வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் மூழ்கும் அளவு. எனவே, நீர் எவ்வழியே செல்லும், எங்கே தேங்கும் என்பதை முன்னதாக அறிதல் உயிர் காக்கும் அறிவாகும்.

சென்னையின் செயற்கைக்கோள் படத்தை அந்நாளிலும் எவரும் இணையத்தில் காண இயன்றது. தெருக்கள், கூரைகள், மரங்கள், ஏரிகள் யாவும் அதில் தெளிவாகத் தெரிந்தன. ஆயினும், ஒரு தெரு அடுத்த தெருவைவிடத் தாழ்ந்துள்ளதா, உயர்ந்துள்ளதா என்னும் எளிய வினாவிற்கு அப்படத்தில் விடையில்லை. மேலிருந்து நேராக நோக்கும்போது மேடும் பள்ளமும் ஒரே தளமாகத் தோன்றுகின்றன. நீருக்கு அத்தகைய மயக்கம் இல்லை. கைவிரல் அளவு சரிவைக்கூட அது அறிந்து ஓடுகிறது. நீர் அறிந்துள்ள அந்த வேறுபாட்டை வரைபடமும் அறிந்தாக வேண்டும் என்பதே முப்பரிமாண நகர வரைபடத்தின் நோக்கங்களுள் தலையாயது.

பரங்கிமலையில் தொடங்கிய அளவை

நிலத்தை அறிவியல் முறையில் அளக்கும் பெருமுயற்சி ஒன்று இந்தியாவில் சென்னையிலேயே தொடங்கிற்று. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பார் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்திற்கும் இடையே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி, ஏறத்தாழ ஏழரை மைல் தொலைவு அளக்கப்பட்டது. வெயிலில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியின் வெப்பநிலையும் அவ்வப்போது குறிக்கப்பட்டது. இவ்வொரு கோட்டை அடித்தளமாகக் கொண்டு, முக்கோணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்து, இமயம் வரையுள்ள நிலம் பின்னாளில் அளக்கப்பட்டது. இதுவே 'மாபெரும் முக்கோண நில அளவை' எனப்படுகிறது.

ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிடலாம் என்பது பள்ளிக் கணிதம். மலையின் மீது ஏறாமலேயே அதன் உயரத்தை அறிய இக்கணிதமே உதவிற்று. செயற்கைக்கோள் யுகத்திலும் இவ்வடிப்படை மாறவில்லை. சங்கிலிக்கு மாற்றாக ஒளியும் வானொலி அலையும் வந்துள்ளன. கணக்கிடுபவர் இருந்த இடத்தில் கணினி அமர்ந்துள்ளது. முக்கோணம் அப்படியே இருக்கிறது.

வானிலிருந்து உயரம் காணும் முறைகள்

வானிலிருந்தபடி நிலத்தின் உயரத்தை அறிய மூன்று முறைகள் பெரிதும் பயன்படுகின்றன.

முதலாவது, இருபார்வைப் படமுறை. மனிதனின் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்வேறுபாட்டைக்கொண்டு மூளை தொலைவை உணர்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது கடினமாவது இதனால்தான். இதே நெறியில் இயங்கியது கார்ட்டோசாட்-1. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய இச்செயற்கைக்கோளில் இரு ஒளிப்படக் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்று 26 பாகை முன்னோக்கியும் மற்றொன்று 5 பாகை பின்னோக்கியும் நிலத்தைப் பார்த்தன. முன்னோக்கிய கருவி படமெடுத்த அதே இடத்தை, ஏறத்தாழ 52 வினாடிகள் கழித்துப் பின்னோக்கிய கருவி படமெடுத்தது. இவ்விரு படங்களிலும் ஒரே பொருள் இடம்பெயர்ந்து தோன்றும் அளவைக் கணக்கிட்டு உயரம் பெறப்பட்டது. அப்படங்களில் ஒரு படப்புள்ளி நிலத்தில் 2.5 மீட்டரைக் குறித்தது.

இரண்டாவது, ராடார் முறை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் புவியின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டின் உயரத்தை அளந்தது. விண்ணோடத்தில் ஓர் அலைவாங்கியும், அதிலிருந்து 60 மீட்டர் நீண்ட கம்பத்தின் நுனியில் மற்றோர் அலைவாங்கியும் அமைக்கப்பட்டன. தரையில் பட்டுத் திரும்பிய ராடார் அலைகள் இவ்விரண்டையும் வந்தடைந்தபோது ஏற்பட்ட நுண்ணிய வேறுபாடு, நிலத்தின் உயரமாகக் கணிக்கப்பட்டது. ராடார் அலைகள் மேகத்தை ஊடுருவுவன. இரவு பகல் வேறுபாடும் அவற்றுக்கு இல்லை.

மூன்றாவது, லைடார் எனப்படும் லேசர் முறை. வானூர்தியிலிருந்தோ டிரோனிலிருந்தோ வினாடிக்குப் பல்லாயிரம் லேசர் துடிப்புகள் தரையை நோக்கிச் செலுத்தப்படுகின்றன. ஒவ்வொரு துடிப்பும் சென்று திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் தொலைவாக மாற்றப்படுகிறது. ஒளி வினாடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், நூறு கோடியில் ஒரு வினாடி பிழைத்தாலும் உயரம் 15 செ.மீ. பிழைபடும். அவ்வளவு நுட்பமான கடிகாரம் இதற்குத் தேவை. லேசர் துடிப்பின் ஒரு பகுதி மரத்தின் உச்சியில் பட்டுத் திரும்பும். மற்றொரு பகுதி இலைகளின் இடைவெளி வழியே இறங்கித் தரையைத் தொட்டுத் திரும்பும். ஆகவே, மரத்தின் உயரத்தையும் மரத்தடியிலுள்ள நிலத்தின் உயரத்தையும் ஒரே பறப்பில் அறியலாம்.

கூரையா, தரையா?

வானிலிருந்து பெறப்படும் உயரம் எதனுடைய உயரம் என்னும் வினா இங்கு எழுகிறது. கீழ்நோக்கிப் பார்க்கும் கருவி முதலில் காண்பது கூரையையும் மர உச்சியையுமே. இவற்றையெல்லாம் உள்ளடக்கிய உயரத் தொகுப்பு 'எண்ணிம மேற்பரப்பு மாதிரி' எனப்படும். கட்டடங்களையும் மரங்களையும் நீக்கிவிட்டு, வெற்றுத் தரையை மட்டும் கூறும் தொகுப்பு 'எண்ணிம நில மாதிரி' எனப்படும்.

இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டால் முடிவு தலைகீழாகும். அடர்ந்த குடியிருப்பு ஒன்று பள்ளத்தில் அமைந்திருக்கலாம். அதன் கூரைகளை மட்டும் கண்ட வரைபடம் அதனை மேடாகக் காட்டும். வெள்ளம் முதலில் புகும் இடம், வரைபடத்தில் வெள்ளம் அணுகாத இடமாகத் தோற்றமளிக்கும்.

இவ்விரு மாதிரிகளின் வேறுபாடு பயனுடையதும் ஆகும். எடுத்துக்காட்டாக, ஓரிடத்தில் மேற்பரப்பு மாதிரி 21 மீட்டர் என்றும், நில மாதிரி 6 மீட்டர் என்றும் காட்டுவதாகக் கொள்வோம். இரண்டையும் கழித்தால் கிடைக்கும் 15 மீட்டரே அங்குள்ள கட்டடத்தின் உயரம். தளம் ஒன்றுக்கு 3 மீட்டர் எனக் கொண்டால், அது ஐந்து தளக் கட்டடம் என்பது பெறப்படும்.

தெரிந்து தெளிவோம்

உயரத்தரவு இல்லாத இடத்தில் நிழலும் அளவுகோலாகும். படம் எடுக்கப்பட்ட நாளும் நேரமும் தெரிந்தால், அவ்வேளையில் சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருந்தது என்பதைக் கணக்கிடலாம். சமதளத்தில் விழும் நிழலின் நீளத்தை அக்கோணத்தின் தொடுகோட்டு மதிப்பால் பெருக்கினால் கட்டடத்தின் உயரம் கிடைக்கும். சூரியன் 45 பாகையில் இருக்கும்போது நிழலின் நீளமும் கட்டடத்தின் உயரமும் சமம். நெருக்கமான தெருக்களில் நிழல் அடுத்த கட்டடத்தின் மீது விழுவதால் இம்முறை அங்குப் பயன்படாது.

படமும் உயரமும் இணைதல்

உயரத்தரவு எண்களின் தொகுப்பு. அதில் ஓரிடம் 6 மீட்டர் உயரத்தில் உள்ளது என்பது தெரியும். அது சாலையா, குளமா, விளையாட்டுத் திடலா என்பது தெரியாது. செயற்கைக்கோள் படமோ பொருளை அடையாளம் காட்டும், உயரத்தைக் கூறாது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. எனினும், ஒன்றன்மீது ஒன்றை வைத்தவுடன் இவை பொருந்திவிடுவதில்லை. மூன்று திருத்தங்கள் இன்றியமையாதன.

முதல் திருத்தம் சாய்வைப் பற்றியது. செயற்கைக்கோள் சாய்வாகப் பார்க்கும்போது உயர்ந்த கட்டடங்கள் படத்தில் ஒருபுறம் சாய்ந்து தோன்றும். 26 பாகைச் சாய்வில் எடுக்கப்பட்ட படத்தில், 30 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சி அதன் அடியிலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் விலகி நிற்கும். அகலமான சாலையையே அது மறைத்துவிடக்கூடும். உயரத்தரவின் துணைகொண்டு ஒவ்வொரு படப்புள்ளியையும் அதற்குரிய இடத்திற்கு நகர்த்த வேண்டும். இவ்வாறு திருத்தப்பட்டது 'நேர்நோக்குப் படம்' எனப்படும். இங்கு ஒரு நயம் உண்டு. இருபார்வைப் படமுறையில் உயரத்தைக் காட்டிக்கொடுத்ததும் இதே சாய்வுதான். ஒருவகையில் பிழையாவது மற்றொருவகையில் அளவையாகிறது.

இரண்டாம் திருத்தம் இடத்தைப் பற்றியது. படத்திலும் உயரத்தரவிலும் ஒரே இடம் ஒரே ஆயத்தொலைவைப் பெற வேண்டும். இதற்குத் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் தேவை. சாலைச் சந்திப்பு, பாலத்தின் முனை, மதிற்சுவரின் மூலை போன்று படத்தில் ஐயமின்றித் தெரியும் இடங்களுக்கு அளவையாளர் நேரில் சென்று, செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவியால் அவற்றின் இருப்பிடத்தைக் குறிக்கின்றனர்.

மூன்றாம் திருத்தம் உயரத்தின் தொடக்கப் புள்ளியைப் பற்றியது. இடங்காட்டிக் கருவி கூறும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளக்கப்படுவதன்று. புவியைச் சீரான நீள்கோள வடிவமாகக் கற்பனை செய்து, அக்கோளத்தின் பரப்பிலிருந்து அளக்கப்படுவது. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்பு விசையின் வேறுபாட்டால் அப்பரப்பிலிருந்து உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கிறது. ஈர்ப்பினால் அமையும் அம்மட்டம் 'ஜியாய்டு' எனப்படும். இந்தியாவிற்குத் தெற்கேயுள்ள கடலில் இம்மட்டம் உலகிலேயே மிகத் தாழ்ந்து, கற்பனைக் கோளத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் கீழே உள்ளது. சென்னையிலும் இத்தாழ்வு 80 மீட்டருக்கு மேற்பட்டது. திருத்தப்படாத கருவியுடன் மெரினா கடற்கரையில் நிற்பவருக்கு, அவர் நிற்குமிடம் 80 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருப்பதாக அக்கருவி காட்டும். இருவேறு தொடக்கப் புள்ளிகளைக்கொண்ட தரவுகளைத் திருத்தாமல் கலந்தால் நகரம் முழுவதும் கடலுக்குள் மூழ்கியதாகிவிடும்.

முப்பரிமாண நகரம்

திருத்தங்கள் முடிந்தபின் நகரம் எழுகிறது. நில மாதிரி அடித்தளமாக விரிக்கப்படுகிறது. நேர்நோக்குப் படம் அதன்மீது போர்வைபோல் போர்த்தப்படுகிறது. படத்தில் தெரியும் கட்டடங்களின் எல்லைகள் வரையப்பட்டு, ஒவ்வொன்றும் அதற்குரிய உயரத்திற்கு உயர்த்தப்படுகிறது. கட்டடத்தின் பயன், தளங்களின் எண்ணிக்கை, கட்டப்பட்ட ஆண்டு போன்ற செய்திகள் அவற்றுடன் இணைக்கப்படுகின்றன.

நகர மாதிரிகளைக் கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கெனச் சிட்டிஜிஎம்எல் என்னும் பொதுத்தரம் 2008ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. இது நகரத்தின் நுணுக்கத்தைப் படிநிலைகளாகப் பகுக்கிறது. சுழிப் படிநிலையில் கட்டடத்தின் தரை எல்லை மட்டும் இருக்கும். முதற்படிநிலையில் கட்டடம் தட்டையான பெட்டியாக நிற்கும். இரண்டாம் படிநிலையில் கூரையின் வடிவம் தெரியும். மூன்றாம் படிநிலையில் கதவும் சன்னலும் இடம்பெறும். வெள்ளக் கணிப்புக்குப் பெட்டி வடிவம் போதும்; கூரையில் சூரிய மின்தகடு பதிக்கக் கூரையின் சரிவு தெரிய வேண்டும். தேவையே நுணுக்கத்தின் அளவை முடிவு செய்கிறது.

நெதர்லாந்து நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குக் கீழே உள்ளது. அந்நாடு முழுவதும் லேசர் முறையில் மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டு, அத்தரவு அனைவருக்கும் விலையின்றி வழங்கப்படுகிறது. அவ்வுயரத்தரவையும் அரசின் கட்டடப் பதிவேட்டையும் இணைத்து, ஏறத்தாழ ஒரு கோடிக் கட்டடங்களின் முப்பரிமாண உருவம் உருவாக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூர் தனது தீவு முழுவதற்கும் 'வர்ச்சுவல் சிங்கப்பூர்' என்னும் முப்பரிமாண மாதிரியை அமைத்துள்ளது.

இத்தகைய மாதிரிகளின் பயன்கள் பல. புதிய அடுக்குமாடி எழுந்தால் அண்டை வீடுகளின் வெளிச்சம் எவ்வளவு குறையும், கைப்பேசிக் கோபுரத்தின் அலை எத்தெருக்களை எட்டாது, விமானப் பாதையில் இடையூறாக நிற்கும் உயரங்கள் எவை, தீயணைப்பு ஏணி எத்தளம் வரை எட்டும் என்பனவற்றைக் கட்டுமானத்திற்கு முன்பே கணினித் திரையில் ஆராயலாம்.

ஒரு மீட்டரின் விலை

மலைநகரத்தில் சில மீட்டர்ப் பிழை பெரிதன்று. சென்னை போன்ற கடலோரச் சமவெளி நகரத்தில் அப்பிழையே அனைத்துமாகும். பரங்கிமலை போன்ற சில குன்றுகள் நீங்கலாக, சென்னையின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே அமைந்துள்ளது. கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து நாடு முழுமைக்கும் உருவாக்கப்பட்ட உயர மாதிரிக்கு வகுக்கப்பட்ட பிழை எல்லை ஏறத்தாழ 8 மீட்டர். மலைகளையும் ஆற்றுப் படுகைகளையும் ஆராய அம்மாதிரி மிகவும் பயன்பட்டது. ஆனால், ஒரு நகரின் மேட்டிற்கும் பள்ளத்திற்கும் உள்ள வேறுபாட்டைவிட அளவையின் பிழை பெரிதாக இருப்பின், அவ்வளவையைக்கொண்டு தெருவிற்குத் தெரு வெள்ளத்தைக் கணிக்க இயலாது.

கட்டத்தின் அளவும் இவ்வாறே முதன்மை பெறுகிறது. பொதுப் பயன்பாட்டிற்குக் கிடைக்கும் உயரத்தரவுகள் பலவற்றில் ஒரு கட்டம் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அந்த 900 சதுர மீட்டருக்குள் ஒரு தெரு, சில வீடுகள், ஒரு மழைநீர்க் கால்வாய் ஆகியவை அடங்கிவிடும். இவை அனைத்திற்கும் சேர்த்து ஒரே ஓர் எண் தரப்படுகிறது. 3 மீட்டர் அகலமுள்ள கால்வாய் அவ்வெண்ணில் கரைந்து மறைகிறது. நகரத்தைக் காப்பாற்றும் கால்வாயே வரைபடத்தில் இல்லாமற் போகிறது.

மேம்பாலமும் மயக்கம் தரும். வானிலிருந்து காணும்போது அது சாலைக்குக் குறுக்கே எழுப்பிய அணைபோல் உயரத்தரவில் பதிவாகிறது. அதன் அடியில் நீர் தடையின்றிச் செல்லும் என்பதைக் கணினி அறியாது. சாலைக்கடியில் செல்லும் சிறுபாலக் குழாய்களும் வானிலிருந்து தெரிவதில்லை. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவது, தரையில் நடந்து பார்ப்பவரின் பணி. ஆதலால், நகரங்களுக்கு லேசர் அளவையும் தரை ஆய்வும் இன்றியமையாதன ஆகின்றன.

2015ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பின்னர், சென்னைக்கெனக் கடலோர வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், அண்ணா பல்கலைக்கழகம், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் முதலியன இதில் பங்கேற்றன. மழையின் அளவு, ஆற்றின் நீரோட்டம், கடலின் ஏற்ற இறக்கம் ஆகியவற்றை நிலத்தின் உயரத்துடன் இணைத்து, நீர் எங்கெங்கே எவ்வளவு தேங்கக்கூடும் எனக் கணிப்பது இதன் நோக்கம். கடல் பொங்கியிருக்கும் வேளையில் ஆற்றுநீர் கடலுக்குள் எளிதில் செல்லாது. ஆகவே, மழையை மட்டும் கணக்கிடும் அமைப்பு கடலோர நகருக்குப் போதாது.

இத்தகைய கணிப்புகளைச் சரிபார்க்க மக்களின் நினைவும் சான்றாகிறது. வெள்ளம் வடிந்தபின் சுவர்களில் எஞ்சும் நீர்க்கறை, நீர் எட்டிய உயரத்தின் கையொப்பமாகும். அக்கறையின் உயரத்தை அளந்து, கணினி கூறிய உயரத்துடன் ஒப்பிடுகின்றனர். இரண்டும் ஒத்தால் மாதிரி நம்பத்தக்கது, ஒவ்வாவிடில் திருத்தத்தக்கது.

பெயர்களில் உறையும் உயரம்

அளவைக் கருவிகள் தோன்றும் முன்பே நிலத்தின் உயர்வு தாழ்வை மக்கள் அறிந்திருந்தனர். ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி என நீர்நிலைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. நீர் வந்து சேரும் வழி வரத்துக்கால். மிகுநீர் வழிந்தோடும் இடம் கலிங்கு. ஓர் ஏரியின் கலிங்கிலிருந்து வழியும் நீர் அடுத்த ஏரியை நிறைக்கும் வகையில் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டன. சிறுசரிவையும் துல்லியமாக அறிந்தவரால் மட்டுமே இது இயலும்.

சென்னையின் ஊர்ப்பெயர்களிலும் அவ்வறிவு தங்கியுள்ளது. சூளைமேடு, காசிமேடு என்பன மேட்டைச் சுட்டுகின்றன. பழவந்தாங்கலில் தாங்கல் இருக்கிறது. அமைந்தகரை கூவத்தின் கரையைக் கூறுகிறது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று வழங்கும் பகுதி, அங்கிருந்த ஏரியின் எஞ்சிய நினைவு. ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என அழைத்த நீண்ட ஏரியின் நிலத்திலேயே 1920களில் தியாகராய நகர் எழுந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் சுற்றுப்புறத்தின் மழைநீர் வந்து கூடும் தாழ்நிலங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து கடலைச் சேர்கிறது. இச்சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

ஏரி வீட்டுமனையாக மாறியபின் செயற்கைக்கோள் படத்தில் வீடுகளே தெரியும். ஏரி இருந்ததற்கான அடையாளம் அப்படத்தில் இராது. ஆனால், ஏரி அமைந்திருந்த தாழ்வு அத்துணை எளிதில் அழிவதில்லை. நுட்பமான உயரத்தரவில் அது மங்கலாகவேனும் புலப்படும். பெருமழை நாளில் மிகத் தெளிவாகவே புலப்படும். படம் நிலத்தின் இன்றைய தோற்றத்தைக் காட்டுகிறது. உயரம் நிலத்தின் இயல்பைக் காட்டுகிறது. வீட்டுமனைக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலரும், வீடு வாங்க விழையும் குடும்பமும், கால்வாய் வெட்டும் பொறியாளரும் இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் நாளில், முப்பரிமாண வரைபடம் தன் பயனை முழுமையாக அடையும்.

பரங்கிமலையில் எஃகுச் சங்கிலியை நீட்டியவர்கள் வெயிலில் நீண்ட இரும்பின் அளவையும் கணக்கில் கொண்டனர். அத்தகைய நேர்மையே இன்றைய அளவையாளருக்கும் வேண்டுவது. தரவு எவ்வளவு துல்லியமானது, எந்நாளில் எடுக்கப்பட்டது, எவ்விடத்தில் ஐயத்திற்குரியது என்பவற்றையும் தன்னுடன் தாங்கி நிற்கும் வரைபடமே நல்ல வரைபடம். தாழ்ந்த தெருவில் வாழும் ஒரு குடும்பம் அடுத்த பெருமழைக்கு முன் அவ்விடத்திலிருந்து வெளியேறுவதா, வீட்டிலேயே இருப்பதா என்பதை அவ்வரைபடத்தை நம்பியே முடிவு செய்யக்கூடும்.

கலைச்சொல் அறிவோம்

எண்ணிம மேற்பரப்பு மாதிரி – கட்டடம், மரம் ஆகியவற்றின் உச்சியையும் உள்ளடக்கிய உயரத் தொகுப்பு
எண்ணிம நில மாதிரி – வெற்றுத் தரையின் உயரத் தொகுப்பு
நேர்நோக்குப் படம் – சாய்வு நீக்கப்பட்டு, அளக்கத்தக்கதாகத் திருத்தப்பட்ட வான்படம்
தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி – தரையில் நேரில் அளந்து குறிக்கப்பட்ட, படத்தில் தெளிவாகத் தெரியும் இடம்
ஜியாய்டு – ஈர்ப்பு விசையால் அமையும் கடல்மட்டப் பரப்பு

மதிப்பீடு

குறுவினா

1. லேசர் அளவையில் மரத்தடி நிலத்தின் உயரத்தை எவ்வாறு அறிய முடிகிறது?
2. 'நேர்நோக்குப் படம்' என்பது யாது?

சிறுவினா

3. மேற்பரப்பு மாதிரிக்கும் நில மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. மேம்பாலமும் சிறுபாலக் குழாயும் வெள்ளக் கணிப்பில் ஏற்படுத்தும் பிழைகளை எழுதுக.

நெடுவினா

5. 'படம் நிலத்தின் இன்றைய தோற்றத்தைக் காட்டுகிறது. உயரம் நிலத்தின் இயல்பைக் காட்டுகிறது' – இக்கூற்றைச் சென்னை மாநகரை முன்வைத்து நிறுவுக.

செயல்பாடு

உங்கள் ஊரில் மேடு, பள்ளம், ஏரி, தாங்கல் முதலியவற்றைக் குறிக்கும் இடப்பெயர்களைத் தொகுக்க. அவ்விடங்களில் மழைநீர் தேங்கிய உயரத்தை முதியோரிடம் கேட்டறிந்தும், சுவர்களில் உள்ள நீர்க்கறையை அளந்தும் ஊர் வரைபடம் ஒன்றில் குறித்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.